வலமிருந்து வந்த பன்னிரண்டு

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்குப் புதுக் கணினி ஒன்று வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, வெள்ளைத் தெர்மக்கோலை உருவி, புதுப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறும்போதே மற்றவர்கள் அதில் சீட்டு விளையாட்டு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஓய்ந்த பிறகு நான் விசைப்பலகையை அரபு எழுத்துக்கு மாற்றி, ஜாவியில் ஒரு வரி தட்டிப் பார்த்தேன். ஜாவி தெரியும்தானே, மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதுவது. வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். எழுத்துகள் தாமாகவே வலது ஓரத்திலிருந்து கிளம்பின. தாமாகவே ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டன. நடுவில் 12 என்று தட்டினேன். 12 என்றே நின்றது. சுட்டியை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னா சார், லாட்டரி நம்பர் ஏதும் அடிச்சிருச்சா? மொகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. பன்னெண்டு பன்னெண்டாவே இருக்கு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

புதுப் பொருளின் வாசனை எனக்கு எப்போதும் ஒரு பழைய வாசனையைக் கிளப்பிவிடும். எட்டொன்பது வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த அச்சகம் செரம்பானில், லோபாக் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. அச்சு உருளைகளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனாலும் அந்த வாடை தடுப்பைத் தாண்டி வந்து சட்டையில் குடியேறிவிடும். அறைக்குத் திரும்பும் பாரோய் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டு நிறுத்தத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த அம்மாவுக்கு மட்டும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "ஒங்கப்பா மேல ஒட்டுப்பால் நாறும், ஒம்மேல மண்ணெண்ணெ நாறுது. படிச்சதுக்கு அவ்வளவு முன்னேத்தம் போதும்லா" என்பார். கோப்பையில் உறைந்து புளித்துப்போன ரப்பர் பால்தான் ஒட்டுப்பால். அந்த நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், முகராதவர்களுக்கு விளக்க முடியாது.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நீட்டுகிற தாளில் அப்பா கட்டைவிரலை மையில் தொட்டு வைப்பார். வைத்துவிட்டு, ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், ஏதோ வாசிக்கிறவரைப் போல. நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தேன். பிறகு ரிமூவ் வகுப்பு என்று ஒரு வருடம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை மலாய்க்குப் பழக்குகிற வருடம் அது. அப்புறம் ரெம்பாவில் மலாய்ப் பள்ளி. அங்கே சமயப் பாட நேரத்தில் மலாய்ப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள், எங்களை வேறு அறைக்கு அனுப்புவார்கள். திரும்பி வரும்போது கரும்பலகையில் பாதி அழித்த ஜாவி இருக்கும். ஒவ்வொரு வரியும் வலது ஓரத்தில் தாராளமாகத் தொடங்கி, இடது பக்கம் வரும்போது இடம் போதாமல் நெருக்கியடித்து முடிந்திருக்கும். சமய ஆசிரியரான அந்த உஸ்தாஸ் இடக்கைக்காரர் என்று ஒரு வருடம் முழுக்க நம்பினேன். பக்கத்துப் பையனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்க வெட்கம். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்கு இது ஒரு வியாதி. தெரியாது என்று வாயைத் திறந்தால் எங்கே திருப்பி ரப்பர் பாலுக்கு மரம் வெட்ட அனுப்பிவிடுவார்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

படிப்பு முடிந்து செரம்பானில் கணினி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எஸ்டேட்டில் அதற்கு "டைப்பு படிக்கிறான்" என்று பெயர். அச்சக முதலாளி கதிரேசன், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வியாபாரத்தில் ஊன்றிய குடும்பத்தைச் சேர்ந்தவர். எதிர்க்கடைக்காரர் கணினி வாங்கினார் என்பதற்காகத் தானும் ஒன்று வாங்கி, மேலே துணியைப் போர்த்தி, வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துணியை எடுக்கத்தான் என்னை வேலைக்கு வைத்தார். அச்சு இயந்திரத்தை ஓட்டியவர் முனியாண்டி அண்ணன். இயந்திரத்தைவிட அவர் வாய் வேகம்.

அந்தக் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. ஒன்றன்பின் ஒன்றாக எறும்பு வரிசையாய்ப் போகும். நம்முடைய 'கொ' அப்படியா? கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், எழுத்து நடுவில் மாட்டிக்கொள்ளும். கட்டத்தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, நிரல் எழுதி, அச்சுப்பொறியைத் தமிழ் அடிக்க வைத்தேன். முதல் வேலை எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். கோயில் தலைவராக இருந்தவர் எஸ்டேட் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னாடா தம்பி, கொம்பு மேல் வரியில நிக்குது, மாடு கீழ் வரியில மேயுது?"

வரி முடிகிற இடத்தில் கொம்பை மட்டும் விட்டுவிட்டு, அதற்குரிய எழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தது என் நிரல். ஒன்றல்ல, நோட்டீஸ் முழுக்க ஏழெட்டு இடத்தில். எழுத்தையும் கொம்பையும் பிரியாமல் கட்டிப்போட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்தத் திருவிழா முழுக்க என்னை "மாடு மேய்ச்ச தம்பி" என்றே கூப்பிட்டார்கள். இருந்தாலும் லோபாக்கில் கணினியில் தமிழ் அடிக்கிற கடை என்று எங்களுக்குப் பேர் கிடைத்தது. பேர் கிடைத்தால் தலைக்கனமும் கூடவே வரும், வந்தது.

எங்கள் கடைக்கு எதிரே மக்சிக் ரொக்கியா காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்றார். மக்சிக் என்றால் நமக்குச் சின்னம்மா மாதிரி. எங்கள் எஸ்டேட்டை ஒட்டிய கம்போங்கில், மலாய்க் கிராமத்தில், பிறந்தவர். சின்ன வயதில் எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் பலகாரம் விற்க வந்து வந்து தமிழ் பிடித்துக்கொண்டார். எங்கள் எஸ்டேட் தமிழ் அப்படியே, வசவுகள் உட்பட. என் அம்மாவை "அக்கா" என்பார். எனக்குப் பால்பல் விழுந்ததையெல்லாம் கடைத்தெருவில் சத்தமாகச் சொல்லுவார். ஒருநாள் காலையில் வாழை இலைப் பொட்டலத்தோடு நேராக என் கண்ணாடித் தடுப்புக்குள் வந்துவிட்டார்.

"தம்பி, நீ தமிழ் அடிக்கிற பொட்டியில ஜாவி வருமா?"

"வரும் மக்சிக்."

வராது. அன்றைக்கு அந்தப் பெட்டியில் ஜாவி ஒரு புள்ளிகூட வராது. ஆனால் என் வாய் முந்திக்கொண்டது.

அவர் மகள் ஜமிலாவுக்குக் கல்யாணம். டவுன்காரர்களுக்கு ஆங்கில எழுத்தில் மலாய் அழைப்பிதழ் போதும். "கம்போங் பெரியவங்களுக்கு அது ஓடாது தம்பி. ஜாவியில குடுத்தாத்தான் மரியாத. ஒரு நூறு போடு. நம்பரும் ஜாவி நம்பராவே போடு, கலந்து போடாத" என்றார். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "கோலாலம்பூருக்கு அனுப்பிரலாமாப்பா? அங்க ஆளு இருக்கு." "நான் செஞ்சிர்றேன் முதலாளி" என்றேன். இரண்டாவது தடவையும் வாய்தான்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு ஆனந்தமான பாடு. ஜாவி எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியாக நிற்க ஒரு முகம், சொல்லின் தொடக்கத்தில் ஒரு முகம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. சில எழுத்துகள் இரண்டு பக்கமும் கை கொடுக்கும். சிலது வலப்பக்கத்துக்காரரிடம் மட்டும் கை கொடுத்துவிட்டு இடப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றை ஜமிலாவிடம் இரவல் வாங்கி, எது யாரோடு சேரும், யாரோடு சேராது என்று சொந்தக்காரர்கள் பட்டியல் மாதிரி எழுதி வைத்தேன். கடைசியில் திசை. கணினி இடமிருந்துதான் அடிக்கும், நான் சொல்லி அது மாறாது. ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். தட்டின வரியை முழுசாக எடுத்து, கடைசி எழுத்து முதலாவதாகவும் முதல் எழுத்து கடைசியாகவும் வருமாறு திருப்பிப்போட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன். கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிற மாதிரி, வரி மொத்தமும் அப்படியே திரும்பியது. அச்சுப்பொறி கிறீச் கிறீச்சென்று அடித்து முடித்தபோது எழுத்துகள் கைகோத்து வலமிருந்து இடமாக நடந்தன. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முனியாண்டி அண்ணன் பார்த்துவிட்டு, "டேய், எனக்கு இதுல தல எது காலு எதுன்னே தெரியல, நீ அழுவுற" என்றார். அவருக்காக ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் மேலே பார்த்த அம்புக்குறி ஒன்று போட்டுக்கொடுத்தேன்.

அச்சுக்குப் போகுமுன் ஜமிலாவை வரச்சொல்லிப் பிழை பார்க்கச் சொன்னோம். பள்ளியில் ஜாவி படித்தவள். பழக்கம் விட்டுப்போனதால் ஆள்காட்டி விரலை வலது ஓரத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே வாசித்தாள். தன் பெயர் வந்தபோது சிரித்தாள். மாப்பிள்ளை பெயர் வந்தபோது சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். சனிக்கிழமை, ஒன்று, இரண்டு, பன்னிரண்டு என்று விரல் நகர்ந்தது. "எல்லாம் சரிண்ணே." மக்சிக் அவளை அணைத்துக்கொண்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நூறு அழைப்பிதழும் போயின.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, ஒன்பதாம் தேதி. ஜாவி அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உஸ்தாஸ் ஒருவர் கம்போங் சமய வகுப்புக்கு நேர அட்டவணை அடிக்கக் கொடுத்திருந்தார். பிழைதிருத்தப் படியை வாங்கிப் பார்த்தவர் ஓர் இடத்தில் வட்டம் போட்டார்.

"பத்து மணி வகுப்பை ஏன் ஒரு மணி ஆக்கினாய்? அதுவும் ஒன்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யம்?"

"வலமிருந்து வாசிச்சா பத்துதானே உஸ்தாஸ்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எழுத்துதான் தம்பி வலமிருந்து. எண் உங்கள் எண் மாதிரியேதான், இடமிருந்து."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. இழுப்பறையைத் திறந்து மிச்சமிருந்த மக்சிக் அழைப்பிதழை எடுத்தேன். அந்தத் தாளில் எனக்கு நிச்சயமாக வாசிக்கத் தெரிந்தது எண்கள் மட்டும்தான், அதில்தான் கோட்டை விட்டிருந்தேன். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. சனிக்கிழமை இருபத்தொன்று. விரலை வலமிருந்து நகர்த்திய ஜமிலாவுக்கு முதலில் ஒன்று வந்தது, பிறகு இரண்டு வந்தது. அவளுக்கு அது பன்னிரண்டு. ஜாவியை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது இருபத்தொன்று. அந்த மாதம் இருபத்தொன்று திங்கள்கிழமை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் தோன்றியது மறைத்துவிடலாம் என்றுதான். முதலாளியிடம் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. கணக்காக ஒன்றே ஒன்று சொன்னார். "அந்த அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. அடுத்தவன் வாயால அவங்க கேக்கக் கூடாது. முனியாண்டி மோட்டார் சைக்கிள்ல போ."

ரெம்பாவ் வரைக்கும் முனியாண்டி அண்ணன் வாய் ஓயவில்லை. "மாட்ட மேய விட்ட, சரி. இப்ப கல்யாணத்தையே மேய விட்டுட்டியேடா." காற்றில் பாதி பறந்துபோனது, பறக்காமல் வந்த பாதியே போதுமாக இருந்தது.

கல்யாண வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். மக்சிக்கைத் தனியே கூப்பிட்டு, அழைப்பிதழை விரித்து, விரலை வைத்துக் காட்டிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட நாசமா போறவனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காயிதத்தப் பாத்துட்டா எங்க ஆளுங்க கல்யாணத்துக்கு வருவாங்க? வெத்தலப் பொட்டிய தூக்கிக்கிட்டு ஒவ்வொரு வீடா நானே ஏறி எறங்கி, வெத்தலய நீட்டி, இன்ன நாளு வாங்கன்னு வாயால சொல்லிட்டு வந்தேன்டா. அப்பிடிச் சொல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரன்கூட வர மாட்டான். கார்டு சும்மா, கண்ணாடி அலமாரியில சொருகி வச்சிக்கத்தான்லா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். முனியாண்டி அண்ணன் அதற்குள் ஒரு தட்டுப் பலகாரத்தை முடித்திருந்தார். நானும் ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். அப்போதுதான் மக்சிக்கின் சிரிப்பு நின்றது.

"அபாங் லோங்" என்றார், தனக்குத்தானே. மூத்த அண்ணன் என்று அர்த்தம்.

தம்பின் என்ற ஊரில் இருந்த அவருடைய அண்ணன் ஹாஜி யூசோப். இருவரும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் அடாட் வழக்கப்படி தாய்வீடு பெண்ணுக்குத்தான். அம்மா இறந்தபோது அம்மா படுத்த கட்டிலை அண்ணன் கேட்காமல் எடுத்துப் போய்விட்டார். அவ்வளவுதான் சண்டை. அவ்வளவுதான் என்று நான் சொல்லலாம், அவர்கள் சொல்ல முடியாது. தாய்வழியில் மூத்த ஆண் அவர். அவர் வந்து உட்கார்ந்துதான் மாப்பிள்ளையை வீட்டுக்குள் அழைக்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு மட்டும் மக்சிக்கால் போக முடியவில்லை. அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினார். அண்ணனுக்கு ஜாவிதான் வாசிக்கத் தெரியும். ஜாவியில் அடிக்க வேண்டும் என்று என்னிடம் வந்ததே, யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு வீட்டுக்காகத்தான். நூறு அழைப்பிதழில் உண்மையிலேயே வாய் திறந்து பேச வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அது தப்பு நாளைச் சொல்லியிருந்தது.

"அண்ணன் ஒரு எழுத்து விடாம படிப்பாரு தம்பி. வேணும்னே தப்பா போட்டு அனுப்பிட்டேன்னு நெனப்பாரு. நான் இப்ப போயி நின்னா இன்னும் சந்தேகம்தான் வரும்." முந்தானை மாதிரி தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பண்ணது. நீயே போ."

தம்பின் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தூண்கள்மேல் நின்ற பலகை வீடு, ஏறுவதற்கு ஏழு சிமெண்டுப் படி. ஹாஜி யூசோப் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். உள்ளே ஓர் ஓரத்தில் பித்தளைக் குமிழ் வைத்த பழைய கட்டில் தெரிந்தது. சுத்தமாகப் பாய் விரித்திருந்தது, யாரும் படுக்கிற அடையாளம் இல்லை. மேசைமேல் அழைப்பிதழ், பக்கத்திலேயே சுவரிலிருந்து கழற்றி வைத்த காலண்டர். நான் யார் என்று சொன்னேன். மலாயில்தான் பேசினோம், எனக்குள் அது தமிழாகவே தங்கிவிட்டது.

"சனிக்கிழமை இருபத்தொண்ணு" என்றார். "காலண்டரில் மூணு தடவ பாத்தேன். இருபத்தொண்ணு திங்கக்கெழம. அழைக்கிறவர்னு மொத வரியில எம் பேரப் போட்டிருக்கா. நாளத் தப்பாப் போட்டிருக்கா. எத நம்புறதுன்னு தெரியாம நாலு நாளா ஒக்காந்திருக்கேன்."

வரியை எப்படித் திருப்பினேன் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்பரயுமா திருப்புன?"

"எல்லாத்தையும்தான் பாக் ஹாஜி. எழுத்து போற பக்கமே நம்பரும் போகும்னு நெனச்சேன்."

"ஜாவி தெரிஞ்சவங்க ஊர் முழுக்க இருக்காங்களே. யாரையாவது கேட்டிருக்கலாமே?"

 "வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

அவர் காலண்டரை எடுத்துத் திரும்பச் சுவரில் மாட்டினார். 

"நானும் ஆள விட்டுக் கேட்டிருக்கலாம்" என்றார். "ரெம்பாவ் ஒண்ணும் மெக்கா இல்ல."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். "திருத்து." இருபத்தொன்றை ஒரு கோட்டால் அடித்து, மேலே பன்னிரண்டு என்று ஜாவி எண்ணில் எழுதினேன், இடமிருந்து. இரண்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்கலாம்தான். அந்தப் பாடத்தை அப்போதுதானே படித்திருந்தேன். இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன். அம்மா பட்டுச் சேலையில், மக்சிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி இவ்ளோ வேர்க்குது ஒனக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மக்சிக் பாதையையே பார்த்தார். நானும் அதையேதான் பார்த்தேன். சாலைத் திருப்பத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் கொம்பாங் மேளம் கேட்க ஆரம்பித்துவிட்டது.  மேளம் தென்னந்தோப்பைத் தாண்டியபோது பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது. ஊர்வலம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, மாப்பிள்ளைக்கு முன்னால் டாக்சி வந்து நின்றது. வெள்ளைத் தொப்பியோடு ஹாஜி யூசோப் இறங்கினார்.

மக்சிக் குனிந்து அவர் கையை எடுத்து முத்தமிட்டார். அவர் தங்கையின் தலைமேல் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து விரலை நீட்டினார்.

"இந்தத் தம்பி என்னத் திங்கக்கெழம வரச் சொன்னான். திங்கக்கெழம வந்தா சோறு மிஞ்சாதேன்னு இன்னிக்கே வந்துட்டேன்."

வீடே சிரித்தது. எனக்கு மூன்று நாளாக இறங்காத சோறு அன்றைக்கு மூன்று தட்டு இறங்கியது. "இவன் எங்க வீட்ல இப்படித் தின்னதே இல்ல" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலைப் பற்றி அண்ணனும் தங்கையும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை என்று மக்சிக் பின்னால் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் பேசினார்களாம்.

திங்கட்கிழமை என் நிரலில் எண்களைத் திருப்பாமல் விட ஒரு விதி சேர்த்தேன். எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு மூன்று வருடம் அதை வைத்து ரெம்பாவ், தம்பின் கம்போங்குகளுக்கெல்லாம் அழைப்பிதழ் அடித்தோம். ஒவ்வொரு வேலையிலும் எண்களை மட்டும் தனித்தாளில் எழுதி, வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டி, வெட்கமே படாமல் கேட்டேன். பிறகு கோலாலம்பூரில் ஜாவி தெரிந்த மென்பொருள் விற்பனைக்கு வந்தது. என் நிரல் இருந்த வட்டில் பூஞ்சை பிடித்தது. முதலாளி கடையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். எங்கள் எஸ்டேட்டை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். லயங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே மாதிரியான கூரைகள், ஒவ்வொன்றுக்கும் கேட், கேட்டுக்குள் ஒரு நாய். அப்பாவும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள்.

மக்சிக் போன வருடம் இறந்தார். அவருக்கு நான்கு மாதம் முன்னால் அண்ணன். பேசாமல் இருந்த வருடங்களைவிடப் பேசிய வருடங்கள் ஒன்றிரண்டு கூடுதலாகவே அவர்களுக்குக் கிடைத்தன. ராத்திரி தூக்கம் வராதபோது நான் எண்ணிப் பார்த்துக்கொள்கிற கணக்கு இது ஒன்றுதான். எண்ணி முடித்தால் தூக்கம் வந்துவிடும்.

போன மாதம் வேலையாகத் தம்பின் போனேன். ஹாஜி யூசோப்பின் வீட்டைப் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பலகை பலகையாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். பலகை வீடுகளை அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். சிமெண்டுப் படிகளை மட்டும் யாரும் கொண்டுபோவதில்லை. முட்டியளவு லாலான் புல்லுக்கு நடுவே அவை நின்றன. காரை ஓரமாக நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, ஏழு படியும் ஏறினேன். எட்டாவதாக வீட்டுத் தரை இருந்த இடத்துக்குக் காலைத் தூக்கி, நிறுத்திக்கொண்டேன்.